நஞ்சையில் கல் நடுவதை நிறுத்து!

காவிரி டெல்டாவில் இன்று இரண்டு விதமான நடவு நடக்கிறது. ஒன்று, நம் பெண்கள் முதுகு ஒடிய நடும் நாற்று. மற்றொன்று, மனை வியாபாரிகள் நடும் எல்லைக் கல். நாற்று நட்ட வயலில் சில மாதத்தில் நெல் விளையும். கல் நட்ட வயலில் நம் பேரன் காலத்திலும் நெல் விளையாது.

தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி – எந்த ஊரை விட்டு வெளியே வந்தாலும் இதே காட்சிதான். சாலையை ஒட்டிய நஞ்சையில் கிராவல் கொட்டி மேடாக்குகிறார்கள். வளைவு வைத்து, கொடி கட்டி, "நகர்" என்று பெயர் சூட்டுகிறார்கள். "ஊர் வளர வேண்டாமா? ஜனங்களுக்கு வீடு வேண்டாமா?" என்று நம்மையே கேட்கிறார்கள்.

யாருக்கு வீடு?

வீட்டின் அருமையை நமக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. பண்ணையார் "இடத்தைக் காலி செய்" என்றால் குடிசையைப் பிய்த்துக்கொண்டு போக வேண்டியவர்களாக இருந்தோம். நெடிய போராட்டத்துக்குப் பிறகுதான் 1971 இல் குடியிருப்புச் சட்டம் வந்தது. குடிசை நின்ற மண் விவசாயத் தொழிலாளிக்குச் சொந்தமாயிற்று. ஆகவே நாம் வீட்டுக்கு விரோதிகள் அல்ல.

நம் கேள்வி வேறு. இந்த "நகர்"களில் குடியேறுவது யார்? கல் நட்டுப் பல வருஷமாகியும் எத்தனையோ மனைகளில் கருவேலமரம்தான் குடியிருக்கிறது! வாங்கியவர்களில் பலர் வீடு கட்ட வாங்கவில்லை. விலை ஏறியதும் விற்க வாங்கினார்கள். நெல் விளைந்த மண்ணைப் பணப்பெட்டியாக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். குடிசையில் கிடப்பவனோ குடிசையிலேயே கிடக்கிறான்.

வயலைக் கொல்லும் வழி

மனை வியாபாரி முதலில் ரோட்டோர வயலை வாங்குவான். அதைத் தரிசாகப் போடுவான். வாய்க்கால் தூர்ந்துபோகும். உள்ளே இருக்கும் சிறு விவசாயிக்குத் தண்ணீரும் வராது, வயலுக்குப் போக வழியும் இராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேடாக்கிய மனை வடிகாலை மறிக்கும். பக்கத்துச் சம்பா அழுகும். இரண்டு போகம் தோற்றவன் கடன்காரனுக்குப் பயந்து, கேட்ட விலைக்குக் கையெழுத்துப் போடுவான். பிறகு, "இங்கே சாகுபடியே இல்லையே" என்று காகிதம் தயாராகும். தடியடி இல்லை, வழக்கு இல்லை, பத்திரம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் வயல் போய்விட்டது!

கூலி போனவனுக்கு என்ன?

விற்றவன் கையில் கொஞ்சம் பணமாவது வந்தது. அந்த வயலில் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்து வயிறு வளர்த்த குடும்பத்துக்கு என்ன வந்தது?

2013 ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறது. சர்க்கார் நிலத்தை எடுத்தால், அதற்கு முன் 3 ஆண்டுகள் அதில் உழைத்துப் பிழைத்த விவசாயத் தொழிலாளியும் குத்தகைதாரரும் "பாதிக்கப்பட்ட குடும்பம்". அவர்களுக்கும் மறுவாழ்வு உண்டு. ஏட்டிலாவது அப்படி இருக்கிறது. ஆனால் மனை வியாபாரி துண்டு துண்டாகக் கிரயம் செய்து வாங்கினால்? தொழிலாளிக்கு ஒரு காசு கிடையாது. அவன் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. வேலையும் போயிற்று, ஈடும் இல்லை. இது என்ன நியாயம்?

சட்டத்தில் ஒரு திறந்த வாசல்

2020 இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றினார்கள். துத்தநாக, செம்பு உருக்காலைகள் கூடாது; புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாது என்று தடைப் பட்டியல் போட்டார்கள். ஜனங்கள் போராடிப் பெற்றது அது; வரவேற்கிறோம். ஆனால் அந்தப் பட்டியலில் மனைப் பிரிவு இல்லை! வயலில் கிணறு தோண்டுவது குற்றம். அதே வயலை ஒட்டுமொத்தமாகக் கிராவலில் புதைத்தால் அது வளர்ச்சியா?

ஆலைத் தோழர்களே, இது உங்கள் விஷயமும்தான்

மாதத் தவணை கட்டி ஒரு சென்ட், ஒன்றரை சென்ட் வாங்க நினைப்பவர் ஆலைத் தொழிலாளி. அவரை நாம் குறை சொல்லவில்லை. அவரும் ஏமாற்றப்படுகிறவரே. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2017 இல் வரன்முறைத் திட்டம் வந்தது. பல இடங்களில் நடந்தது என்ன? விற்றவன் லாபத்தோடு ஒதுங்கினான். வாங்கியவன் கட்டணம் கட்ட வரிசையில் நின்றான்.

ஆலை மண்ணும் இந்தப் பசிக்குத் தப்பவில்லை. பெரம்பூர் பின்னி ஆலை 1996 இல் மூடப்பட்டது. நெசவு ஓசை கேட்ட அந்த மண்ணில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. வயலானாலும் ஆலையானாலும், உழைப்பவனை வெளியேற்றிவிட்டு மண்ணை விற்பதுதான் லாபம் என்றால் இரண்டும் போகும்.

2023 ஏப்ரல் 21 ஐ நினைவில் வையுங்கள். வேலை நேரத்தை 12 மணியாக்க வழி செய்யும் மசோதாவும், 100 ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்காக நீர்நிலை அடங்கிய நிலங்களையும் ஒருங்கிணைக்க வழி செய்யும் மசோதாவும் ஒரே நாளில் சட்டசபையில் நிறைவேறின. தொழிற்சங்கங்கள் ஒன்றாக எழுந்தன. மே தினத்தன்றே முதல் மசோதா வாபஸ் என்று அறிவிக்க நேர்ந்தது. இரண்டாவது சட்டமாகிவிட்டது. ஒற்றுமையின் பலம் என்ன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆலை வாசலும் வயல் வரப்பும் சேர்ந்து நின்றால் நில முதலைகள் நிற்க முடியாது.

நாம் கேட்பது இவை:

நஞ்சையை மனையாக்குவதை 2020 சட்டத்தின் தடைப் பட்டியலில் சேர்!

தனியார் வாங்கினாலும், வேலை இழக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் குத்தகைதாரருக்கும் மறுவாழ்வு கொடு!

வாய்க்காலையும் வடிகாலையும் அடைத்த மனைப் பிரிவின் அனுமதியை ரத்து செய்! அடைத்தவன் செலவில் தோண்டு!

வீடில்லாதவர்களுக்கு நத்தத்திலும், சாகுபடிக்கு உதவாத சர்க்கார் நிலத்திலும் வீடு கட்டிக் கொடு!

தோழர்களே! கிராம சபை கூடும் நாட்களில் ஒவ்வொரு ஊரிலும் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். எந்த வாய்க்கால் அடைபட்டது, எத்தனை குடும்பத்துக்கு வேலை போயிற்று என்பதைச் சர்வே எண்ணோடு எழுதிக் கொடுங்கள். பத்திரத்தில் நம் பெயர் இல்லாமல் இருக்கலாம். அந்த மண்ணில் நம் வியர்வை இருக்கிறது. அந்த உரிமையோடு கேட்போம். தரும்வரை விடமாட்டோம்!