டிக்கிக்குள் இறங்கும் மழை

கேரவன் என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது, படப்பிடிப்பு நடக்கும் தெருவில் ஏ.சி. உறுமிக்கொண்டிருக்க ஓரமாக நிற்கும் நட்சத்திரங்களின் வண்டிதான். 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. கட்டில், சமையல் மேடை, கழிப்பறை சகிதம் அதே மாதிரி வண்டிகளில் இப்போது குடும்பங்களும் மலையேறுகின்றன. வாடகைக்கு எடுப்பவர் பார்ப்பது மெத்தையையும் ஏ.சி.யையும். வண்டிக்குச் சொந்தக்காரர் குனிந்து பார்க்க வேண்டிய இடம் வேறு: தரைக்கு அடியில், பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் டிக்கிகள்.

மடக்கு நாற்காலியும் ஜாக்கியும் போடும் இடம்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. பெரும்பாலான வண்டிகளில் பாட்டரி, இன்வர்ட்டர், தண்ணீர்த் தொட்டி, காஸ் சிலிண்டர் எல்லாம் குடியிருப்பது அங்கேதான். டிக்கியின் மேல்தட்டுதான் பல வண்டிகளில் அறையின் தரையும்கூட. அந்த பிளைவுட் ஒரு பருவமழை முழுக்க ஈரத்தில் ஊறினால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே லினோலியம் விரித்திருப்பதால், கால் அமுங்கும்வரை யாருக்கும் தெரியாது.

ஜூனில் மேற்குத் தொடர்ச்சி மலையில் பிடிக்கும் மழை இந்த வண்டிகளுக்கு வருடாந்திரப் பரீட்சை. பரீட்சையில் தோற்றவர்கள் வழக்கமாக என்ன செய்கிறார்கள்? கடைக்குப் போய் ஒரு சிலிகான் டியூப் வாங்கி, ஈரம் தெரிகிற மூலையில் பிதுக்கிவிட்டு வருகிறார்கள். இரண்டு தொந்தரவுகளுக்கு இது அஸ்திவாரம். உள்ளே வந்த தண்ணீர் வெளியேற இருந்த ஒரே இடுக்கையும் அடைத்தாயிற்று. சிலிகான் படிந்த இடத்தில் பிறகு வேறெந்த சீலன்ட்டும் சரியாக ஒட்டாது. அதைச் சுரண்டி எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

ஈரம் தெரிகிற இடமும் தண்ணீர் நுழைகிற இடமும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. கூரையில் ஏ.சி.க்காக வெட்டிய துளை, மேல் மூலையில் விளக்கு மாட்டிய திருகாணி, ஜன்னல் சட்டத்தின் ஓரம் என்று எங்கோ நுழையும் சொட்டு, சுவருக்குள் ஓடும் வயரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒரு குறுக்குச் சட்டத்தில் நாலடி தூரம் நடந்து, சம்பந்தமே இல்லாத டிக்கியில் வந்து விழும். அதனால் துப்பறிவது முதல் வேலை, பூசுவது கடைசி வேலை.

முதல் கேள்வி: இது மழைத் தண்ணீர்தானா? மழையே இல்லாத நாளில் ஈரம் இருந்தால் தொட்டியையும் குழாய் இணைப்புகளையும் சந்தேகப்படுங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு பம்ப்பை ஆன் செய்து வையுங்கள். யாரும் தண்ணீர் திறக்காதபோதே பம்ப் அவ்வப்போது ஓடி ஓடி நின்றால், பெரும்பாலும் அழுத்தம் உள்ள பக்கத்தில் எங்கோ கசிவு இருக்கிறது என்று அர்த்தம். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இன்னொரு குற்றவாளியும் உண்டு. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வெளியே விட வேண்டிய குழாய் தூசியால் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீரும் சுவர் வழியாகக் கீழேதான் வரும்.

மழைதான் என்று முடிவானால் ஓஸ் பைப்பை எடுக்கலாம். டிக்கியைக் காலி செய்து, விரிப்பைப் பிய்த்தெடுத்து, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு மூலைகளிலும் இணைப்புகளிலும் முகப்பவுடரைத் தூவுங்கள். தண்ணீர் ஓடினால் பவுடரில் தடம் விழும். கீழிருந்து மேலாகத்தான் தண்ணீர் அடிக்க வேண்டும். கூரையில் ஆரம்பித்தால் வழிகிற தண்ணீர் எல்லா இடுக்குகளையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடும். எது உண்மையான வழி என்று பிரித்துச் சொல்ல முடியாது. கதவின் அடி விளிம்பில் பத்து நிமிடம், பக்கங்களில் பத்து நிமிடம், பிறகு மேல் விளிம்பு, ஜன்னல், கடைசியில் கூரை. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் கதவைத் துடைத்துவிட்டுத் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். அரை நாள் வேலை இது. அவசரப்படுகிறவர்கள் அடுத்த மழையில் மறுபடி செய்வார்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். மழை நுழையாத இடத்திலும் அது தண்ணீரைத் திணித்து, இல்லாத ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும்.

நிற்கிற வண்டியில் சொட்டுக்கூட இறங்காமல், ஓடி வந்த வண்டியில் மட்டும் குளம் கட்டுகிறதா? சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் அது. மட்கார்டுக்குள் பைப்பை விட்டு அடியிலிருந்து பீய்ச்சினால் மாட்டிக்கொள்ளும். அடித்தட்டில் வயரும் குழாயும் நுழைகிற துளைகள்தான் பெரும்பாலும் வழி.

கதவின் ரப்பர் பீடிங்கைச் சோதிக்க ஒரு துண்டுக் காகிதம் போதும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடிமானம் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பீடிங் அழுந்தவில்லை. உடனே புது பீடிங் வாங்க ஓடாதீர்கள். பாதி நேரம் கோளாறு தொங்கிப்போன கீலிலும் தளர்ந்த தாழ்ப்பாளிலும்தான் இருக்கும். மாற்றியே ஆக வேண்டுமென்றால், பீடிங்கின் இரண்டு முனைகளும் சேரும் இடம் கதவின் அடிப்பக்கம் வருமாறு ஒட்டச் சொல்லுங்கள். மேலே வந்தால் மழைக்கு நாமே வாசல் திறந்துவைத்த மாதிரி. வழுவழுப்புக்காக அதில் கிரீஸ் தடவும் பழக்கமும் கூடாது. இந்த பீடிங்குகளில் பல ஈ.பி.டி.எம். ரப்பரால் ஆனவை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

துளைகளையும் சட்டங்களையும் அடைக்கும்போது பழைய பூச்சு முழுவதையும் சுரண்டி, துடைத்து, காயவிட்டுத்தான் புதியது. விளக்கு, ஜன்னல் சட்டம் போன்றவற்றைக் கழற்றி, அடியில் பியூட்டைல் டேப் வைத்து மறுபடி முடுக்குவதே முறை. சுற்றி வெளியே பூசுவது ஒப்பனைதான். தகடுகளின் இணைப்புக்கு பாலியூரித்தேன் சீலன்ட் நல்லது. ஓடுகிற வண்டி குலுங்கும், முறுக்கிக்கொள்ளும். கல்லாக இறுகும் எபாக்ஸி அதில் விரிசல் விடும், இது வளைந்துகொடுக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, அடைக்கவே கூடாத துளைகளைப் பற்றி. காஸ் சிலிண்டர் இருக்கும் அறையின் அடித்தட்டில் வெளிக்காற்றை நோக்கி ஒரு திறப்பு இருக்கும். தண்ணீர் அதன் வழியாகவும் தெறிக்கும். ஓட்டை கண்ட இடமெல்லாம் பூசுகிற ஆர்வத்தில் அதையும் மூடிவிடுகிறவர்கள் உண்டு. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. ரெகுலேட்டரில் சிறிது கசிந்தாலும் தாழ்ந்து அறையின் அடியில்தான் தேங்கும். அந்தத் திறப்பு வழியாக அது சாலையில் இறங்கிக் கலைந்துவிடும். திறப்பு இல்லாவிட்டால் ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். பாட்டரி அறையில் விஷயம் தலைகீழ்: சாதாரண ஈய பாட்டரி சார்ஜ் ஆகும்போது வெளிவரும் ஹைட்ரஜன் லேசானது, மேலே போகும். அங்கே காற்றுவழி மேல்பக்கம் திறந்திருக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் இந்தத் திறப்புகளை யாராவது ஏற்கெனவே பூசியிருந்தால் இன்றைக்கே பிய்த்தெடுக்கச் சொல்லுங்கள். தெறிப்பு பிடிக்கவில்லை என்றால் திறப்புக்கு முன்னால் சற்று இடைவெளி விட்டு ஒரு தடுப்புத் தகடு பொருத்தலாம். சிலிண்டர் அறையில் இறுக்கமாக அடைபட்டிருக்க வேண்டிய இடங்கள் வேறு: வண்டியின் உட்புறத்துக்கும் பக்கத்து டிக்கிக்கும் குழாயும் வயரும் நுழைகிற துளைகள்.