நடந்து பார்த்த நகரம்: கப்பல் நின்ற இடம்



சென்ற இதழில் றோயல் மலையில் ஏறிய கதையைச் சொல்லியிருந்தோம். மலையைக் காட்டியவர்கள் ஆற்றைக் காட்டாமல் விடலாமா என்று சிலர் கேட்டார்கள். ஓவர்ரைம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. மூன்று குடும்பமாகப் பழைய துறைமுகத்துக்கு வெளிக்கிட்டோம். பாண், சம்பல், ஒரு பிளாஸ்க் தேத்தண்ணி. அங்கே ஒரு கோப்பி வாங்குகிற காசுக்கு இங்கே பார்க் எக்ஸில் றோல்ஸ் வாங்கி வயிறு நிறையச் சாப்பிடலாம்.

எங்களோடு ஐயா ஒருவரும் வந்தார். பக்ரறியில் எங்களுக்கு வேலை பழக்கியவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். மொன்றியாலுக்கு வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல். ஆனால் ஆற்றங்கரைக்கு மட்டும் வந்ததில்லை. "தண்ணியிலை எனக்கு என்ன வேலை" என்பார். எங்கள் சின்னவள் கையைப் பிடித்து இழுத்ததால்தான் வந்தார்.

பார்க் மெற்றோவில் ஏறி, ஜோன்-தலோனில் செம்மஞ்சள் பாதைக்கு மாறி, ஷான்-டு-மார்ஸில் இறங்கினோம். அங்கிருந்து கீழே நடந்தால் சென் போல் தெரு. அதில் நொத்ர-டாம்-டு-பொன்-செக்கூர் என்ற தேவாலயம் இருக்கிறது. மாலுமிகளின் கோயில் என்று பெயர். இப்போது நிற்கும் கட்டிடம் 1771ஆம் ஆண்டுக்குரியது. கூரைமேல் மாதா ஆற்றைப் பார்த்தபடி கை விரித்து நிற்கிறா. எங்கள் மாமி வாசலிலேயே சப்பாத்தைக் கழற்ற வெளிக்கிட்டா. தடுத்து உள்ளே கூட்டிப்போனோம். உள்ளே மேலிருந்து சின்னச் சின்னக் கப்பல்கள் தொங்குகின்றன, எல்லாம் நேர்த்திக் காணிக்கை. ஐயா அவற்றை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். அவர் வல்வெட்டித்துறைப் பக்கம். அங்கே கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கியதையும், வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை அத்திலாந்திக் கடலைத் தாண்டிக் கொண்டுபோய் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்ததையும் பிள்ளைகளுக்குச் சொன்னார். "ஜி.பி.எஸ். இல்லாமலா தாத்தா?" என்றான் ஒருவன்.

ஆற்றங்கரையில் முதலில் கண்ணில் படுவது மணிக்கூட்டுக் கோபுரம். 45 மீற்றர் உயரம், 1922இல் கட்டி முடித்தது. படம் எடுக்கிறவர்கள் அதிகம். முதலாம் உலகப் போரில் மாண்ட கடலோடிகளின் நினைவாக எழுப்பியது என்று தெரிந்தவர்கள் குறைவு.

நாங்கள் பத்தாம் வகுப்போடு நின்றவர்கள். சமுத்திரத்திலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் உள்ளே இருக்கிற ஊருக்குத் துறைமுகம் எப்படி வந்தது என்பது நெடுநாளாக விளங்கவில்லை. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திர முனை வரை போனால் வரும் தூரத்தைவிட இது மூன்றரை மடங்குக்கு மேல்! காரணம் எளிது. சென் லோறன்ஸ் நதியில் அந்தக் காலத்தில் கப்பல் இதுவரைதான் ஏறும். இதற்கு மேலே லாசீன் என்ற இடத்தில் தண்ணீர் பாறைகளில் மோதிச் சுழித்துப் பாய்கிறது. 1535இல் வந்த ஜாக் கார்த்தியே அந்தப் பாய்ச்சலைக் கண்டுதான் நின்றார். லா சீன் என்றால் சீனா. இந்த வழியாகச் சீனாவுக்குப் போகலாம் என்று அலைந்தவர்களைக் கேலி பண்ணி வைத்த பெயராம். கப்பல் நின்ற இடத்தில் சாமான் இறங்கியது, ஆட்களும் இறங்கினார்கள். 1642இல் பிரெஞ்சுக்காரர் குடியேறிய இடம் இன்று புவன்-தா-கலியேர் நூதனசாலை. அதற்கு முன்பே இந்தத் தீவில் பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

பாய்ச்சலைச் சுற்றிப் போக 1825இல் லாசீன் கால்வாயைத் திறந்தார்கள். 1959இல் பெரிய கப்பல்களுக்கு வேறு நீர்வழி வந்ததும் அதன் காலம் முடிந்து, 1970இல் மூடிவிட்டார்கள். 2002இலிருந்து உல்லாசப் படகுகள் மட்டும் ஓடுகின்றன.

பனிக்காலத்தில் ஆறு உறைந்துபோகும். 1964 வரை மாதக்கணக்கில் துறைமுகத்துக்குப் பூட்டு. வருடத்தின் முதல் சமுத்திரக் கப்பலைக் கொண்டுவரும் கப்டனுக்குத் தங்கப் பிடி போட்ட கைத்தடி கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. கப்டனுக்குத் தடி சரி, அத்தனை மாதமும் மூட்டை சுமந்தவன் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்? லே-ஓவ் கடிதம் வாங்கிப் பழகிய எங்களுக்கு முதலில் அதுதான் மனதில் வந்தது.

மேற்கே நடந்தால் பென்னாம்பெரிய தானியக் களஞ்சியம் ஒன்று, ஐந்தாம் இலக்கம், 1990களின் நடுப்பகுதியிலிருந்து வெறுமையாக நிற்கிறது. அதைத் தாண்டி மில் தெருவில் மா ஆலையின் உச்சியில் 'ஃபாரீன் ஃபைவ் றோசஸ்' என்ற சிவப்பு எழுத்து. பல பத்தாண்டுகளாக எரிகிறது. கடைசியில் 'ஃபிளவர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இருந்தது. 1977 மொழிச் சட்டத்தோடு அதைக் கழற்றிவிட்டார்கள். பிரெஞ்சு வகுப்புக்குப் போய்க் களைக்கிறவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

அதற்கப்பால் உல்லாசப் பயணிகள் வருவதில்லை. விக்ரோறியா பாலத்துக்கு ஏறும் பிரிட்ஜ் தெருவில், இரண்டு பக்கமும் வாகனங்கள் பறக்க, நடுவில் ஒரு கரும்பாறை நிற்கிறது. ஆள் உயரத்தைவிடப் பெரியது, ஆற்றின் அடியிலிருந்து எடுத்த கல். பார்த்துக் கடவுங்கள், பிள்ளைகளைக் கையில் பிடியுங்கள்.

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது. 1847இல் சனம் கப்பல் கப்பலாகக் கனடாவுக்கு ஓடிவந்தது. நெரிசலில் கப்பல் காய்ச்சல் தொற்றியது. இந்த இடத்தில் கொட்டில் போட்டு நோயாளிகளைக் கிடத்தினார்கள். சாம்பல் நிற உடைக் கன்னியாஸ்திரிகள் பராமரித்தார்கள். அவர்களிலும் சிலர் இறந்தார்கள். ஊர் பயந்தது. மேயர் ஜோன் ஈஸ்ரன் மில்ஸ் தானே கொட்டில்களுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்தார், அதே காய்ச்சலில் அந்த நவம்பரில் மாண்டார். தாய் தகப்பனை இழந்த பிள்ளைகள் பலரைக் கியூபெக் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. எங்கள் போர்மன் ஒருவருக்கு ஐரிஷ் பெயர், ஆனால் இங்கிலிஷ் ஒரு சொல் வராது. ஒருவேளை அந்த வழியாக இருக்கலாம்.

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு, 1859இல், பாலம் கட்டிய தொழிலாளர்கள் இந்தக் கல்லை நாட்டினார்கள். அந்த எலும்புகளை யாரும் மிதிக்கக்கூடாது என்பதற்காக. முதலாளிமார் அல்ல, வேலையாட்கள். 2019இலும் புதிய ரயில் பாதைக்குக் கிண்டியபோது சிலருடைய எலும்புகள் வந்தன.

சின்னவள் கல்லில் உள்ளதை வாசித்துத் தமிழில் சொன்னாள். ஐயா கேட்டார்: "ஒருதற்றையும் பேர் இல்லையோ?"

"இல்லைத் தாத்தா. 6000 பேர் எண்டு மட்டும் கிடக்கு."

ஐயா புல்லில் இருந்தார். பிறகுதான் சொன்னார். 1986 ஓகஸ்ட் 11இல் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால், மூடுபனிக்குள், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்தார்களே, அதில் அவரும் ஒருவர். மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏற்றிவந்த கப்பல் நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. கஸ் டால்ற்றன் என்ற மீன்பிடிப் படகுக் கப்டன்தான் முதலில் கண்டார். 155 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். முதலில் இந்தியாவிலிருந்து வந்ததாகச் சொன்னதும், உண்மை வெளிவந்தபோது பத்திரிகைகள் போட்ட சத்தமும் பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். "பயத்திலை சொன்னது" என்றார் ஐயா. அதற்குமேல் அதைப்பற்றிப் பேசவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "கரையிலை இறங்கினவுடனை எங்கடை பேரைத்தான் கேட்டவை" என்றார். "நான் எழுத்துக் கூட்டிச் சொன்னனான். அவன் பிழையாத்தான் எழுதினவன். இண்டைக்கும் என்ரை காட்டிலை அந்தப் பிழைதான் கிடக்கு."

அந்தப் புல்லிலேயே இருந்து பாணையும் சம்பலையும் சாப்பிட்டோம். காற்றுக்குத் தேத்தண்ணி ஆறிவிட்டது. போகிறவர்கள் கோடையிலும் ஒரு ஜக்கெற் கொண்டுபோங்கள். திரும்பும்போது மாமி பிளாஸ்க்கில் மிஞ்சிய தண்ணீரைக் கல்லின் அடியில் ஊற்றிவிட்டு வந்தா. ஏனென்று நாங்கள் கேட்கவில்லை.

அடுத்த இதழில் லாசீன் கால்வாய்க் கரையில் இருந்த பழைய தொழிற்சாலைகளைப் பார்க்கப் போகிறோம். ஐயாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தண்ணிப் பக்கமாக நடக்கமாட்டாராம், மற்றப் பக்கமாக வருவாராம்.