தாத்தா பெயரில் பட்டா... பேத்தி என்று எப்படி நிரூபிப்பது?

"இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?"

தாலுகா அலுவலகத்தில் கேட்கப்படும் எளிமையான கேள்வி இதுதான். பதிலும் ஒரே வார்த்தைதான். மகள், மகன், மனைவி, அம்மா. ஆனால் அந்த ஒரு வார்த்தையைத் தாளில் நிரூபிக்கச் சில குடும்பங்களுக்கு ஒரு தலைமுறையே ஆகிவிடுகிறது.

பாலக்கோடு பக்கம் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம். ராகி, சாமை, மழை கைகொடுத்தால் நிலக்கடலை. பட்டா இன்னும் தாத்தா பெயரில். அவர் இறந்தது 1980-களில். இறப்பைப் பதிய வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவே உழுதார், அப்பாவே தீர்வை கட்டினார், பட்டாவில் பெயர் மாற்றவில்லை. இப்போது அப்பாவும் காலமாகிவிட்டார். வீட்டில் அம்மா, பாட்டி, அண்ணன். அக்கா ஓசூரில், தங்கை திருப்பூரில். நிலத்துக்கு விலை ஏறியிருக்கிறது, அண்ணன் பட்டா மாற்றப் போகிறார். யார் யார் பெயர் வர வேண்டும்?

"அப்பாவோட பிள்ளைங்க மூணு பேர்" என்பதுதான் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில். அது தவறு.

விட்டுப்போகும் பெயர்கள்

பட்டா தாத்தா பெயரில் இருப்பதால் கணக்கு தாத்தாவிடமிருந்துதான் தொடங்கும். நிலம் அவர் சொந்தமாக வாங்கியது, உயில் எழுதவில்லை, அவர் இந்து என்றால் 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதன்படி பாட்டிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு. அப்பாவோடு பிறந்த அத்தைகள் இருவர் என்றால் பங்கு நான்கு: பாட்டி, அப்பா, இரண்டு அத்தைகள். ஆக, அப்பாவுக்குச் சொந்தம் கால் பாகம்தான். நாற்பது வருடம் அவர் ஒருவரே உழுதார் என்பதால் மட்டும் அத்தைகளின் பங்கு போய்விடாது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்தால் அது எல்லோருக்காகவும் அனுபவித்ததாகவே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து வந்தார் என்று காட்டினால்தான் வேறு பேச்சு.

அப்பாவின் அந்தக் கால் பாகம் அடுத்து ஐந்தாகப் பிரியும். அம்மா, மூன்று பிள்ளைகள், பிறகு பாட்டி. ஆமாம், இறந்த ஆணின் தாயாரும் முதல் வகுப்பு வாரிசுதான். அதிகம் விட்டுப்போகும் பெயர் இதுதான். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியை யாரும் பங்குதாரராக நினைப்பதில்லை. இறந்தவரின் அப்பா முதல் வகுப்பில் வரமாட்டார் என்பது இன்னொரு விசித்திரம்.

பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் கணக்கு வேறு. அங்கே கல்யாணத் தேதிகூட ஒரு காலத்தில் பங்கைத் தீர்மானித்தது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாடு மகள்களுக்கும் பிறப்புரிமை கொடுத்தது, ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே கல்யாணமானவர்களை விட்டுவிட்டது. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு! 2005 செப்டம்பர் 9-ல் மத்திய சட்டத் திருத்தம் இந்த வேறுபாட்டை எடுத்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-ல் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் தொட முடியாது.

"நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, இனிமே என்ன பங்கு?" என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. மகள் தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் அதற்குப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். பந்தியில் சொன்ன வாய்வார்த்தை போதாது. வெற்றுத்தாளில் வாங்கும் கையெழுத்தோ பிற்காலத்தில் சண்டைக்குத்தான் உதவும்.

850 வருடம் பழைய மூன்று கேள்விகள்

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததல்ல. 1176-ல் இங்கிலாந்தில் இரண்டாம் ஹென்றி மன்னர் நார்தாம்ப்டனில் ஒரு விதியைக் கொண்டுவந்தார். தகப்பன் இறந்ததும் பிள்ளையை நிலத்தில் இறங்கவிடாமல் பண்ணையார் தடுத்தால், அக்கம்பக்கத்தைச் சேர்ந்த 12 பேரைக் கூப்பிட்டு மூன்றே கேள்விகள் கேட்பார்கள். இறந்த அன்று நிலம் அவர் அனுபவத்தில் இருந்ததா? வழக்குக்கான காலவரம்புக்குள்தான் அவர் இறந்தாரா? கேட்டு வந்திருப்பவர்தான் அடுத்த வாரிசா? மூன்றுக்கும் ஆம் என்றால் நிலம் பிள்ளைக்கு.

வாரிசு வயதுக்கு வந்துவிட்டாரா என்பதையும் அங்கே ஊர்க்காரர்களே சொன்னார்கள். பிறப்புப் பதிவேடு கிடையாதே! அதனால் சாட்சிகள், 'அந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றுதான் என் கால் முறிந்தது', 'அந்த வாரம்தான் என் வீடு எரிந்தது' என்றெல்லாம் சொல்லித் தேதியை நிறுவினார்கள். நம் ஊரில் எம்.ஜி.ஆர். இறந்த வருஷம், இந்திரா காந்தியைச் சுட்ட மாசம் என்று பெரியவர்கள் சொல்வதில்லையா, அதேதான். (ஒன்றில் நாம் பரவாயில்லை. அங்கே பிரபுக் குடும்பங்களில் மூத்த மகனுக்கே மொத்த நிலமும். மகனே இல்லாவிட்டால்தான் மகள்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.)

தருமபுரி வட்டாரத்திலும் நிலமும் வாரிசும் கல்லிலேயே ஏறியிருக்கின்றன. போரிலும் ஆநிரை மீட்பதிலும் இறந்த வீரர்களுக்கு எடுத்த நடுகற்கள் இந்தப் பகுதியில் ஏராளம். அப்படி இறந்தவரின் குடும்பத்துக்குக் கொடுத்த நிலத்துக்கு உதிரப்பட்டி என்று பெயர். ரத்தத்துக்குக் கொடுத்த நிலம். இறந்தவர் யார், அவர் எந்தச் சண்டையில் விழுந்தார் என்பதற்கு நட்ட கல்லே சாட்சி.

உழவரின் பெயரை நேரடியாக அரசுக் கணக்கில் எழுதும் வழக்கத்துக்கும் இந்த மண்ணோடு தொடர்பு உண்டு. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து வரி போட்டார்கள். பின்னால் சென்னை மாகாணத்தில் பரவிய ரயத்துவாரி முறை இங்கேதான் முளைவிட்டது. இன்று நாம் கையில் வைத்திருக்கும் பட்டாவுக்கு அது முப்பாட்டன் மாதிரி.

எந்தத் தேதியில் இறந்தார்?

இறந்த தேதி ஒரு குடும்பத்தை எப்படி இழுத்தடிக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே உச்ச நீதிமன்றம் போன வழக்கு ஒன்று இருக்கிறது. 'அருணாசல கவுண்டர் எதிர் பொன்னுசாமி'. 1938-ல் நீதிமன்ற ஏலத்தில் ஒருவர் வாங்கிய நிலம். அவருக்கு ஒரே மகள். அந்த மகள் 1967-ல் வாரிசில்லாமல் இறந்தார். அதன்பிறகு, நிலத்தை வாங்கியவரின் சகோதரர் பிள்ளைகளுக்குள் தகராறு. ஒரு மகனும் நான்கு மகள்களும். மகள்களில் ஒருவர் ஐந்தில் ஒரு பங்கு கேட்டார்.

நிலத்தை வாங்கியவர் 1957-ல் இறந்தார் என்றது ஒரு தரப்பு. இல்லை, 1949-லேயே இறந்துவிட்டார் என்றது மறுதரப்பு. நடுவில் 1956-ம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டதால் இந்த எட்டு வருட வித்தியாசம் உயிர்நாடியானது. அவர் இறந்தது 1949 என்று ஏற்று, விசாரணை நீதிமன்றம் 1994-ல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. உயர் நீதிமன்றமும் 2009-ல் அதை உறுதி செய்தது. 2022 ஜனவரி 20-ல்தான் உச்ச நீதிமன்றம் மாற்றிச் சொன்னது: அவர் 1956-க்கு முன்பே இறந்திருந்தாலும், சொந்தமாகச் சம்பாதித்த சொத்து பழைய இந்து சட்டப்படியே மகளுக்குத்தான் போயிருக்கும். அந்த மகள் இறந்தது 1967-ல் என்பதால், அதன்பிறகு 1956-ம் ஆண்டுச் சட்டப்படி பங்கு பிரியும். ஐந்தில் ஒன்று உண்டு. தீர்ப்பு வந்தபோது வழக்கின் தலைப்பிலேயே மனுதாரர் பெயருக்குப் பக்கத்தில் 'இறந்துவிட்டார், வாரிசுகள் மூலம்' என்று இருந்தது.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

இறப்புச் சான்றிதழிலிருந்து. 21 நாளுக்குள் பதிவு செய்தால் சிக்கலே இல்லை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரைக்கும் போக வேண்டும். பாலக்கோட்டுத் தாத்தா மாதிரி நாற்பது வருடத்துக்கு முன்பு இறந்தவர்கள் என்றால் பழைய குடும்ப அட்டை, பத்திரம், கருமாதிப் பத்திரிகை என்று கிடைப்பதையெல்லாம் சேர்க்க வேண்டியிருக்கும். பரணில் இருக்கும் தகரப் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2-ல்தான். அதற்கு முந்தைய பத்திரங்களில் 'சேலம் ஜில்லா' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். உங்கள் நிலம்தான்.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்திலோ இணையத்திலோ விண்ணப்பிக்கலாம். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரித்து அறிக்கை கொடுக்க, தாசில்தார் வழங்குவார். விசாரணையில் அக்கம்பக்கத்தாரையும் கேட்பார்கள். 1176-ன் 12 பேர் இன்னும் நம் தெருவில்தான் இருக்கிறார்கள்! தாத்தாவுக்குத் தனிச் சான்றிதழ், அப்பாவுக்குத் தனிச் சான்றிதழ். அத்தை ஒருவர் இறந்திருந்தால் அவருக்கும் தனி, ஏனென்றால் அவர் பங்கு அவர் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகும். இதில் ஒருவர் பெயரை மறைத்து வாங்கினால் ரத்தாகும், பொய்த் தகவல் கொடுத்ததற்கு வழக்கும் வரலாம்.

இதையும் 'சக்சஷன் சர்டிபிகேட்'டையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பின்னது உரிமையியல் நீதிமன்றம் கொடுப்பது. வங்கிப் பணம், பங்குப் பத்திரம், வரவேண்டிய கடன் போன்றவற்றுக்கானது. நிலத்துக்கு அதற்காக அலைய வேண்டாம்.

சான்றிதழ்கள் கையில் இருந்தால் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கலாம். முதலில் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா. பிறகு பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்து, உட்பிரிவு அளந்து, தனிப்பட்டா. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். பட்டாவில் பெயர் இருப்பதாலேயே நிலம் ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது, பெயர் இல்லாததால் உங்கள் பங்கு அழிந்தும் விடாது. நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான். அண்ணன் தனியாகப் பட்டா மாற்றிக்கொண்டால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம், உரிமையை நிலைநாட்ட உரிமையியல் நீதிமன்றம் போகலாம்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் தங்கை இதற்காக லீவு போட்டு வர வேண்டும் என்றில்லை. சர்வே எண் தெரிந்தால் பட்டாவையும் 'அ' பதிவேட்டையும் அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் கைபேசியிலேயே பார்க்கலாம். பதிவுத்துறைத் தளத்தில் வில்லங்கம் பார்க்கலாம். யார் பெயருக்கு நிலம் போயிருக்கிறது என்பது ஒரு டீ குடிக்கும் நேரத்தில் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு தாசில்தாருக்கு ஆட்சேபணை மனு. வருடா வருடம் தாலுகாவில் நடக்கும் ஜமாபந்தியிலும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். வழக்கு என்று வந்தால், பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் உண்டு. உதவி எண் 15100.

வேலைக்கு பெங்களூரு போன தம்பி திரும்பவே இல்லை, தகவலும் இல்லை என்ற குடும்பங்களும் இங்கே இருக்கின்றன. தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கே ஏழு வருடம் ஒரு சேதியும் இல்லையென்றால் இறந்துவிட்டதாகச் சட்டம் அனுமானிக்கும். ஆனால் அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும், வி.ஏ.ஓ. அல்ல.

சித்தேரி மலையில் இருக்கும் பழங்குடிக் குடும்பங்களுக்கு மேலே சொன்ன கணக்கு அப்படியே பொருந்தாது. இந்து வாரிசுரிமைச் சட்டமே அவர்களுக்கு விலக்குக் கொடுக்கிறது. அங்கே சமூக வழக்கம்தான் பேசும். 'எங்க வழக்கத்துல பொம்பளைக்குப் பங்கு இல்லை' என்று ஒருவர் சொல்லிவிட்டால் முடிந்ததா? 2025 ஜூலையில் சத்தீஸ்கரின் கோண்டு குடும்பம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேட்டதும் இதைத்தான். அப்படி ஒரு வழக்கம் இருப்பதை எதிர்த்தரப்பு நிரூபிக்கவில்லை, அதனால் பழங்குடிப் பெண்ணின் வாரிசுகளுக்கும் சமபங்கு என்று தீர்ப்பானது. பங்கு கேட்ட பெண்ணின் வாரிசுகள் தலையில் இருந்த நிரூபிக்கும் சுமை, பங்கு இல்லை என்றவர்கள் தலைக்கு மாறியது.

தாத்தா உயில் எழுதி வைத்திருந்தால் என்ன ஆகும்? அது அடுத்த வாரம்.