நான்கு பக்கம் தெரிந்தால் போதுமா?

சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, நான்கு தீக்குச்சிகளை மூலைக்கு மூலை இணையுங்கள். ஒரு சதுரம் கிடைக்கும். அதன் ஒரு மூலையை விரலால் தள்ளுங்கள். சதுரம் சாய்ந்து சாய்சதுரமாகும். மேலும் தள்ளினால் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துவிடும். குச்சிகளின் நீளம் மாறவில்லை. ஆனால் அவற்றுக்கு இடையே இருந்த பரப்பு குறைந்துகொண்டே போய், இல்லாமலே போய்விட்டது! மூன்று குச்சிகளால் செய்த முக்கோணத்தை இப்படி அசைக்க முடியாது.

நாற்கரப் பாடம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. வகுப்பிலோ இணைகரத்தின் பண்புகள், செவ்வகத்தின் பண்புகள், சரிவகத்தின் பண்புகள் என்று பட்டியல்தான் முதலில் வருகிறது. மூலைவிட்டம் அதில் கடைசி வரியாக நிற்கிறது. தேர்வு முடிந்ததும் அதுவும் மறந்துபோகிறது.

குறிஞ்சிப்பாடிப் பக்கத்து மாணவர்களுக்கு இது வெறும் மதிப்பெண் விஷயம் அன்று. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது முதல், சுற்றியுள்ள ஊர்களில் சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. எவ்வளவு நிலம் போனது என்பதைப் பொறுத்தே இழப்பீடு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தாலும் பரப்புதான் பேச்சு. வயல்களோ பாடநூல் செவ்வகங்களைப் போல இருப்பதில்லை.

நான்கு வரப்பும் 50 மீட்டர் உள்ள ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கினால் 2500 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 62 சென்ட். ஆனால் அந்த வயலின் மூலைவிட்டங்கள் 60, 80 மீட்டராக இருந்தால் உண்மையான பரப்பு 2400தான். இரண்டரை சென்ட் காற்றில் போயிற்று. மூலைவிட்டங்கள் 28, 96 மீட்டர் என்றால் பரப்பு வெறும் 1344. வரப்புகளோ அதே 50 மீட்டர்! இந்தச் சராசரிக் கணக்கு செவ்வகத்துக்கு மட்டுமே சரி. மற்ற எல்லா நாற்கரங்களுக்கும் கூடுதலாகவே காட்டும். நிலத்தை வாங்குபவருக்கு நஷ்டம், விற்பவருக்கு லாபம்.

இது பழைய தவறு. எகிப்தில் எட்ஃபு கோயில் சுவர்களில் பொறித்துள்ள நிலக் கணக்குகள் இந்த முறையில்தான் போடப்பட்டன. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் இதைத் தோராயம் என்று சொல்லி, நான்கு பக்கங்களிலிருந்து பரப்பு காண வேறொரு சூத்திரமும் தந்தார். நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் அமைந்தால்தான் அது பொருந்தும். 1150-இல் 'லீலாவதி' எழுதிய பாஸ்கரருக்குக் கோபமே வந்துவிட்டது. மூலைவிட்டமோ செங்குத்தோ சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பைக் கேட்பவனைப் பிசாசு என்றார். அதற்கு விடை சொல்ல முனைபவனையும் விடவில்லை. கேள்வியிலேயே குறை இருக்கலாம் என்று சொன்ன இந்தக் கணித ஆசிரியரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

நம் நில அளவையர்கள் பாஸ்கரர் பக்கம்தான். வயலுக்குள் மூலைக்கு மூலை கோடு பிடித்து, அதை முக்கோணங்களாகப் பிரித்தே அளக்கிறார்கள். நெய்வேலி அனல்மின் நிலையத்திலிருந்து வரும் உயரழுத்த மின்கோபுரங்களிலும் இதைக் காணலாம். குறுக்குச் சட்டங்கள் இல்லாவிட்டால் அவை நம் தீக்குச்சிச் சதுரம் போல் சாய்ந்துவிடும்.

மூலைவிட்டத்தை முதலில் வைத்தால் அந்த நீண்ட பட்டியலும் சுருங்கிவிடும். மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று இருசமமாக வெட்டினால் இணைகரம். அதோடு அவை சமமாகவும் இருந்தால் செவ்வகம். செங்குத்தாக வெட்டினால் சாய்சதுரம். இரண்டும் சேர்ந்தால் சதுரம். கடைக்கால் போடும் கொத்தனார் எதிர்ப் பக்கங்களைச் சமமாக்கிய பின், மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

உங்கள் வீட்டில் நிலத்தின் புலப்பட நகல் இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள். உள்ளே செல்லும் கோடுகளைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொரு முக்கோணத்தின் பரப்பையும் கணக்கிட்டுக் கூட்டி, பட்டாவில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.