மருமகளின் கைப்பேசி



திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை வட்டாரத்தில் கணவர் வளைகுடாவுக்குச் சஃபர் சென்றிருக்க, கர்ப்பிணி மருமகளின் கைப்பேசியை மாமியார் எடுத்துப் பார்ப்பது பல வீடுகளில் தவறாகவே கருதப்படுவதில்லை. "குடும்பத்துக்குள் என்ன ஒளிவு மறைவு?" என்பார்கள்.

எச்.ஐ.வி. தொற்றுள்ள தாய் சிகிச்சை பெறாவிடில் பிள்ளைக்கு அது பரவ 15 முதல் 45 விழுக்காடு வரை வாய்ப்புண்டு. கூட்டு மருந்தை நாள் தவறாமல் உட்கொண்டால் 5 விழுக்காட்டிற்கும் கீழே குறைந்துவிடும். பிறந்த சிசுவுக்கும் மருந்து உண்டு. ஆறாவது வாரத்தில் பரிசோதனை. இவற்றை நினைவூட்டக் கைப்பேசி எளிய கருவி. கென்யாவில் சிகிச்சை பெறுவோருக்கு வாரந்தோறும் "நலமா?" என்று மட்டும் கேட்டுக் குறுஞ்செய்தி அனுப்பினர், நோயின் பெயர் அதில் இல்லை. மருந்தை ஒழுங்காக உட்கொண்டோர் அதிகரித்ததாக 2010-இல் ஆய்வு வெளியானது. தென்னிந்தியாவில் நடந்த இதுபோன்ற ஆய்வொன்றில் பலன் தென்படவில்லை என்பதையும் மறைக்கலாகாது. கருவி மட்டும் போதாது.

தன் செய்தியைப் பிறர் படிப்பார்கள் என்று அஞ்சும் பெண், மருத்துவமனையில் எண்ணையே தர மாட்டாள். அத்தொற்று யார் வழியாக அவளை அடைந்தது என்று கேட்கவோ நாம் துணிவதில்லை! பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் தடுக்கிறது. ஒருவரின் தொற்று நிலையை அவரது ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கிறது. அவளுடைய கைப்பேசி அவளது அமானிதம்.

மாமியார்மார்களே, அதை அவளிடமே விட்டுவிடுங்கள். 1097 என்ற கட்டணமில்லா எண்ணையும், அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தையும் எல்லா மருமகள்களுக்கும் பொதுவாகச் சொல்லி வையுங்கள்.