ஒரு பாட்டிலில் உண்மை தெரியாது! குரோமியம்-6ஐத் தனியாக அளந்து சொல்!



காந்தி மார்க்கெட் மண்டியில் மூட்டையை இறக்கிப் போட்டுட்டு டீ குடிக்கிற நேரத்தில் இந்த நோட்டீஸைப் படியுங்கள். இன்னைக்கு மண்டியில் காய் ரேட் கேட்கிறார்கள். எந்தத் தண்ணியில் விளைஞ்சதுன்னு கேட்கிற நாள் தூரத்தில் இல்லை. அன்னைக்குப் பழி நம்ம தலையில்தான் விழும்.

தோல் பதனிட குரோமிய உப்பு போடுகிறார்கள். செம்பட்டு, திண்டுக்கல், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. தண்ணியில் குரோமியம் ரெண்டு உருவத்தில் இருக்கும். குரோமியம்-3 பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். குரோமியம்-6 கரைந்து கிணத்துக்குக் கிணறு போகும், புற்றுநோய் உண்டாக்கும். மேற்கு வங்காளத்து ஆர்சனிக்கிலும் இப்படி ரெண்டு வகை உண்டு, அங்கே 3தான் கொடியது. இதைப் பிரிக்காமல் "மொத்தம் இவ்வளவு" என்று ரிப்போர்ட் கொடுப்பது, பாம்பையும் தாம்புக்கயிற்றையும் ஒரே தராசில் வைத்து எடை சொல்கிற கதை!

மொத்தம் கூடுதலாக வந்தால் "அது சாதுவான 3தான்" என்பார்கள். சரி, 6ஐக் காட்டு என்றால்? அதுக்குத் தனி பாட்டில் வேணும். மொத்தம் பார்க்கிற பாட்டிலில் ஆசிட் விடுவார்கள். அதிலேயே 6ஐத் தேடினால் அது 3ஆக மாறிப்போய் "இல்லை" என்று வரலாம். ஆசிட் விடாமல் ஐஸில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் மருந்து விட்டுப் பார்க்கணும். 6 இருந்தால் ஊதா நிறம் காட்டும். காலேஜ் லேப்பிலேயே செய்கிற வேலை இது!

சட்டம் மட்டும் யோக்கியமா? 1986 சுற்றுச்சூழல் விதிகளின் பொது அளவுப்படி, ஆற்றில் விடும் கழிவுநீரில் குரோமியம்-6 லிட்டருக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கடலுக்கும் ஒரு அளவு உண்டு. பாசன நிலத்துக்கு? வெறும் கோடு! மீனுக்குள்ள மதிப்பு வயலுக்கு இல்லையா?

வேலூர் பக்கம் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் கெட்டுப்போனதை 1996 தீர்ப்பிலேயே சுப்ரீம் கோர்ட் குறிப்பிட்டது. கெடுத்தவனே ஈடு கட்டணும் என்றது. அதே விவகாரத்தில் 2025 ஜனவரியில் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. நடுவில் ஒரு தலைமுறையே போச்சு.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே! ரெண்டு பாட்டிலில் மாதிரி எடு! எங்கள் எதிரிலேயே சீல் வை! 3 எவ்வளவு, 6 எவ்வளவு என்று தமிழில் எழுதி ஊராட்சி ஆபீஸ் சுவரில் ஒட்டு! பாசனத்துக்கும் அளவு வை என்று மத்திய அரசுக்கு எழுது!

விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று லோடு இறக்கினதும் நேரா கலெக்டர் ஆபீசுக்கு வாரீர்! உங்க பம்புசெட் தண்ணியை ரெண்டு சுத்தமான பாட்டிலில் பிடிச்சு, ஊர் பேரு, சர்வே நம்பர், பிடிச்ச நேரம் எழுதி ஒட்டி, ஐஸ் போட்டு எடுத்து வாங்க.