ஆராய்ச்சிசாலையும் கிணற்றடியும்

கிணற்று நீர் தெளிவாயிருக்கிறது, நாவுக்கும் குற்றமில்லை. ஆயினும் அதைக் குடித்து வளரும் குழந்தைகளின் பற்கள் பழுப்பேறுகின்றன. வயது ஏற ஏற எலும்புகள் வளைந்து முதுகு நிமிர மறுக்கிறது. நீரிலே அளவுக்கு மிஞ்சிக் கரைந்துள்ள ஃப்ளோரைடுதான் இதற்குக் காரணம். பழைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் இந்நோய் இருப்பதை ஷார்ட் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் 1937-ஆம் வருஷத்திலேயே எடுத்துக் காட்டினர். இதே துன்பத்தை நெடுங்காலம் அனுபவித்த தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களின் பொருட்டு ஏற்பட்ட ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டதோ 2013-ல்தான். நீரைக் கொதிக்க வைப்பதால் ஃப்ளோரைடு நீங்குவதில்லை. முற்றிய நோயை மாற்றும் மருந்தும் இல்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த எல்லை. இவ்வளவு நுண்ணிய அளவைக் கண்ணும் நாவும் அறிய மாட்டா. அறிந்து சொல்ல வேறொரு சாட்சி வேண்டும்.

அத்தகைய சாட்சியைப் படைப்பதற்காகவே நமது சர்வகலாசாலைகளின் ரசாயனப் பகுதிகளில் இன்று எண்ணற்ற இளைஞர்களும் யுவதிகளும் உழைத்து வருகிறார்கள். அவர்கள் ஆக்குவது ‘ஒளிர் உணரி’ எனப்படும் மூலக்கூறு. அதன் ஒரு பகுதி, தேடப்படும் பொருளைப் பற்றிக்கொள்ளும் கை. மற்றொரு பகுதி, ஒளி வீசும் விளக்கு. கை வெறுமையாயிருக்கும் வரையில் எலக்ட்ரான் இடம் மாறி விளக்கை அணைத்து வைக்கிறது; தேடிய பொருள் கையில் அகப்பட்டதும் புற ஊதாக் கதிரின் கீழ் விளக்கு பிரகாசிக்கிறது. வேறு வகையில் அமைந்தனவும் உண்டு. கருத்து புதிதன்று. மோரின் என்ற தாவரச் சாயத்தின் ஒளிர்வைக் கொண்டு அலுமினியத்தைக் கண்டறியும் வழியை கோப்பல்ஸ்ரோடர் என்பவர் 1867-லேயே காட்டினார்.

இவ்வேலை எளிதென்று எவரும் எண்ண வேண்டாம். ஒரு மூலக்கூறை ஆக்கப் பல வாரங்கள் செல்லும். அதைச் சுத்தப்படுத்த மேலும் பல நாட்கள். மூக்கைத் துளைக்கும் கரைப்பான்களின் நடுவே இரவு பகலாக நிற்க வேண்டும். பத்து முயற்சிகளில் ஒன்பது வீணாகும். அமைப்பைச் சோதிக்கும் பெருங்கருவி தம் கலாசாலையில் இல்லாவிடில், மாதிரியை வேற்றூருக்கு அனுப்பிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். பேராசிரியரின் பெயர் உலகுக்குத் தெரிகிறது. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவும் சிப்பந்தியும், பழுதான கருவியை ஓட வைக்கும் ஊழியரும், அதிகாலையில் விளக்கணைத்துச் செல்லும் மாணவியும் எவர் கண்ணிலும் படுவதில்லை. அவர்களுடைய உழைப்பும் தேச சேவையே என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

அந்தச் சேவைக்கு நாடு செய்யும் கைம்மாறு என்ன? இளநிலை ஆராய்ச்சி மாணவருக்கு மாதம் 25,000 ரூபாயாக இருந்த உபகாரச் சம்பளம், நாடெங்கும் மாணவர் வீதியிலிறங்கிக் கிளர்ச்சி செய்த பின்னரே 2019-ல் 31,000 ஆயிற்று. 2023 ஜனவரி முதல் 37,000 என்று உயர்த்தப்பட்டது. ஏட்டில் எழுதிய தொகை நல்ல தொகையே. ஆனால் அது மாதந்தோறும் கைக்கு வந்து சேர்வதில்லையென்ற முறையீடு ஓயாமல் நம் செவியில் விழுகிறது. எளிய குடும்பத்திலிருந்து வந்த மாணவன், நண்பரிடம் கடன் வாங்கி விடுதிக்குப் பணம் கட்டிவிட்டு ஆராய்ச்சிசாலைக்குள் நுழைகிறான். பேராசிரியரின் திட்டப் பணத்தை நம்பியிருப்பவர்களுக்கோ, திட்டம் முடிந்த அன்றே சம்பளமும் முடிகிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்காகச் செலவிட்டது 2020-21-ல் நூற்றுக்கு 0.64 பங்கு மாத்திரமே. விதை நெல்லுக்குக் கணக்குப் பார்த்துவிட்டு அறுவடைக்குக் களஞ்சியம் தேடுவது எந்தக் குடியானவனுக்கும் தெரிந்த பேதைமையாகும்.

சர்க்காரின் குறையை எடுத்துச் சொன்ன நாம் சர்வகலாசாலைகளின் குறையையும் மறைத்தல் தகாது. ஃப்ளோரைடுக்காக ஆக்கப்பட்ட உணரிகளில் மிகப் பல, நீரில் வேலை செய்வதேயில்லை. அவை அசிட்டோநைட்ரைல் போன்ற கரைப்பானில் சோதிக்கப்பட்டு, அங்கே அழகாக ஒளிர்ந்து, வெளிநாட்டுப் பத்திரிகையில் வர்ணப் படத்தோடு வெளியாகின்றன. நீரிலோ ஃப்ளோரைடைத் தண்ணீரே இறுகத் தழுவிக்கொள்ளுகிறது. உணரியின் கைக்கு அது எளிதில் எட்டுவதில்லை. தண்ணீரிலுள்ள விஷத்தை அறிய வந்த சாட்சி தண்ணீரிலேயே ஊமையாகி நின்றால், அந்தச் சாட்சியால் குடியானவனுக்கு என்ன பயன்?

இக்குற்றத்தை மாணவர் தலையில் சுமத்துவது அநியாயம். பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டுமென்று பல்லாண்டுகள் விதி இருந்தது. 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு அவ்விதியை நீக்கிற்று. ஆயினும் கட்டுரைகளை எண்ணியே மனிதரை எடைபோடும் வழக்கம் நீங்கவில்லை. கட்டுரைக்கு மதிப்பும் கிணற்றடிச் சோதனைக்கு அலட்சியமும் இருக்கும் வரையில் மாணவர் எதை நாடுவர் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அடிப்படை ஆராய்ச்சிக்குப் பயனை உடனே கேட்கலாமா என்று சிலர் வினவுவர். நியாயமான வினாதான். எல்லா ஆராய்ச்சியும் நாளைக்கே பலன் தரவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கும் பயனுக்கும் பகையில்லை. கொழும்பில் கல்வி கற்ற பிரசன்ன டி சில்வா, பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் சர்வகலாசாலையில் ஒளிர் மூலக்கூறுகளை ஆராய்ந்தார். மூலக்கூறும் கணித யந்திரத்தைப் போலத் தர்க்கம் செய்யக்கூடும் என்று 1993-ல் அவரும் சகாக்களும் நிரூபித்தது தூய அறிவு. அவர் வகுத்த அதே முறையில் அமைந்த உணரிகள், நோயாளியின் இரத்தத்திலுள்ள சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளில் அமர்ந்து வைத்தியருக்குத் துணை செய்தது பயன். ஒரே மரத்தில் பூவும் காயும் தோன்றின.

நமக்கு வழிகாட்ட அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் கல்கத்தாவில் ஆராய்ச்சியும் நடத்தினார். சுதேசி மருந்துத் தொழிலான பெங்கால் கெமிக்கல்ஸையும் நிறுவினார். 1921-ல் அறுபது வயது நிறைந்த பின்னர் தமக்குக் கிடைத்த சம்பளத்தைச் சர்வகலாசாலையின் ரசாயனப் பகுதிக்கே கொடுத்துவிட்டு, கலாசாலைக் கட்டடத்தில் ஓர் அறையிலே எளிமையாய் வாழ்ந்தார். மாணவர் வயிறு காய்ந்தால் ஆராய்ச்சி வளராது என்பதையும், ஆராய்ச்சி ஜனங்களை அடையாவிடில் நிறைவு பெறாது என்பதையும் ஒருங்கே உணர்ந்த மகான் அவர்.

இப்போது செய்யத்தக்கது என்ன? முதலாவதாக, உபகாரச் சம்பளம் உத்தியோகஸ்தரின் சம்பளம் போல் மாதத்தில் குறித்த நாளில் சேர வேண்டும். தாமதத்துக்குப் பொறுப்பாளி யாரென்று சர்க்கார் பகிரங்கப்படுத்த வேண்டும். இரண்டாவதாக, நீருக்கென்று உணரி ஆக்க முன்வரும் ஒவ்வோர் ஆராய்ச்சிசாலையும் தன் முதற் சோதனையை நோய் கண்ட கிராமத்தின் கிணற்று நீரிலேயே செய்ய வேண்டும். பண உதவி செய்வோர் இதை நிபந்தனையாக்கலாம். மூன்றாவதாக, 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குச் சோதனைப் பெட்டி கொண்டு நீரைப் பரிசோதிக்கப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யப்பட்டது. நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் அப்பெட்டிகளை விட எளிதாகவும் தெளிவாகவும் விடை சொல்லும் உணரி வேண்டுமாயின், அதன் தகுதியை முதலில் நிர்ணயிக்க வேண்டியவர்கள் அப்பெண்களே. அவர்கள் கையில் தவறுவது எங்கே தவறுகிறது என்று மாணவர் நேரில் கண்டு திரும்பட்டும். ஆயிரம் கட்டுரைகளில் கிடைக்காத படிப்பு அது.

சர்க்கார் பணம் அளிக்க வேண்டும். சர்வகலாசாலை திசை காட்ட வேண்டும். இவ்விரண்டும் வாய்த்தால் நம் இளைஞர் பின்வாங்க மாட்டார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமேயில்லை. நள்ளிரவில் இருட்டறையில் ஒரு சிறு குழாயினுள்ளே நீல ஒளி தோன்றும்போது அவர்கள் அடையும் ஆனந்தம் பெரிது. அதே ஒளி ஒரு கிராமத்துக் கிணற்றடியில் தோன்றி, ‘இந்த நீரைக் குழந்தைக்குக் கொடுக்காதே’ என்று ஒரு தாயை எச்சரிக்கும் நாளே அவ்வுழைப்பு முழுப் பலன் பெறும் நாளாகும்.